செஞ்சி மலையில் ஒரு தூக்குவாளி

கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலை செஞ்சிக்குப் போகிறது. 1597-இல் அக்கோட்டையைக் கண்டு வியந்து எழுதிய சேசு சபைக் குரு பிமெந்தாவைப் பற்றிப் பங்கு இளைஞர்களிடம் ஒருமுறை கூறினோம். மறுவாரமே நால்வர் பெரும் பைகளுடன் எம்மை அழைத்துப் புறப்பட்டனர். கோயில்பிள்ளை ஒரு தூக்குவாளியோடு உடன்வந்தார்.

இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். பாதி வழியிலேயே பைகள் நான்கும் கோயில்பிள்ளையின் தோளுக்கு மாறின. "சாமி, இதிலே என்ன, கல்லா?" என்றார். திறந்தால் இஸ்திரிப் பெட்டி!

உச்சியருகே பிளவின் மேலுள்ள பாலத்தைக் கடந்ததும் குரங்குகள் எங்கள் ரொட்டிகளைப் பறித்தன. கப்பம் கட்ட மறுத்து 1714-இல் மாண்ட தேசிங்குராஜனின் பாக்கி போலும்! இறுக மூடிய தூக்குவாளி மட்டும் தப்பியது. கேழ்வரகுக் கூழை மூடியில் ஊற்றி முறைவைத்துக் குடித்தோம். "எனக்குப் பசியில்லை, சாமி" என்று கோயில்பிள்ளை பொய் சொன்னார். இஸ்திரிப் பெட்டிக்காரர் மூடியை அவர் கையில் திணித்தார்.

இறங்கும்போது பெட்டியை உடையவரே சுமந்தார், தூக்குவாளியையும்.