ஆடியில் இலுப்பை விதை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் முன்முற்றத்தில் நிற்கும் பழைய இலுப்பை மரம், வருகிறவர்களுக்கு நல்ல நிழல். அங்குள்ள மலைக்குக் கன்று வளர்க்கும் நாற்றங்கால்காரர்களுக்கோ இலுப்பை என்றாலே அவசரம்தான். பழம் விழுந்து சில வாரங்களுக்குள் விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினால் உள்ளே உயிர் போய்விடும். நாவலும் வேம்பும் இப்படித்தான். மூன்றும் ஆனி, ஆடியில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பழுக்கும்.

ஒரு நாற்றங்காலுக்கு நான் போனது அப்படி ஓர் ஆடி மாதத்தில். செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பச்சை நிழல்வலைக்குக் கீழே ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து கவர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். செம்மண், மணல், தொழுவுரம் சலித்துக் கலந்த குவியல் நடுவில். கையளவு அள்ளி, கவரின் அடியில் இரண்டு குத்து, மேலே ஒரு தட்டு. அடி மண் இறுகாவிட்டால் தண்ணீர் ஊற்றியதும் கவர் மடங்கிவிடும், வேரும் வளையும். நானும் சில கவர்கள் நிரப்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார்.

விதை முளைக்கப் போடும் தாய்ப்பாத்திக்குப் பக்கத்தில் ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாளி இலுப்பை விதையை இளைஞர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். நாற்றங்காலின் மூத்த அக்கா ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார்.

"நேத்தே போட்டிருக்கணும் தம்பி. பருப்பு கருத்துப் போச்சு பாரு."

"பாதி தேறும்க்கா."

"தேறும் தேறும். இத்த ஏன் வாளியில மூடி வெச்ச? வெந்துபோச்சு."

அந்த இளைஞரைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். கோவையில் பொறியியல் படித்தவர், சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தவர். ஆசிரமத்தில் சில நாள் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு தை மாதம் வந்திருக்கிறார். மலையில் ஃபயர் லைன் வெட்ட ஆள் வேண்டும் என்று தங்கியிருந்த இடத்தில் யாரோ சொல்ல, சும்மா கூடப் போயிருக்கிறார். "மூணாம் நாள் கை கொப்பளிச்சிருச்சு சார். ஆனா தியான ஹால்ல உட்கார்ந்ததைவிட அங்க நிம்மதியா இருந்துச்சு" என்றார். அம்மா தொலைபேசியில் அழுது, "சாமியாராப் போயிட்டியாடா?" என்று கேட்டாராம். "இல்லம்மா, விதை பொறுக்கறேன்" என்றதும் அழுகை கூடியதாம்.

ஃபயர் லைன் என்பது மலைச்சரிவில் குறுக்காகப் புல்லை அறுத்து வெறுமையாக்கும் பட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளரும் புல் மாசியில் காய்ந்து நிற்கும். அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும். பற்றிய தீயைப் பச்சைக் கொப்பால் அடித்துத்தான் அணைக்கிறார்கள். 814 மீட்டர் பாறை மலையில் தண்ணீர் வண்டி எங்கே ஏறும்? காற்று அடங்கிய இரவில் அணைப்பது சுலபம். ஆனால் கால் வைக்கும் இடம் தெரியாது. பத்து வருடம் வளர்த்த கன்று ஒரே மதியத்தில் போகும் இடத்தில் நடுவதைவிடக் காப்பதே பெரிய வேலை. படம் எடுத்துப் போட ஏதுவானது என்னவோ நடும் நாள்தான்.

ஆனால் அவரை இங்கே கட்டிப்போட்டது தீ அல்ல, எச்சம். ஒருநாள் கந்தாசிரமப் பாதைக்கு மேலே ஒரு பாறையில் மரநாய்க் கழிவைக் காட்டி, அதை ஒரு குச்சியால் பிரித்திருக்கிறார் அந்த அக்கா. அத்தனையும் நாவல் விதை. சதையெல்லாம் போய்ச் சுத்தமாகக் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்து பாத்தியில் போட்டால் நன்றாகவே முளைத்திருக்கிறது. அதற்குப் பிறகு இளைஞர், எந்த விலங்கு எதைத் தின்கிறது, எங்கே போடுகிறது என்று நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறார். சின்னான் குருவி எந்தப் புதரில் உட்காருகிறது, கோடையில் புள்ளிமான் எந்தப் பக்கம் தண்ணீருக்கு இறங்கி கிரிவலப் பாதையில் நாய்களிடம் மாட்டுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றால் துப்பாக்கியும் ஜீப்பும் என்று நினைத்திருந்தவர், நகவெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சரக்கொன்றை விதையின் தோல் அவ்வளவு கெட்டி. கொதித்த நீரை ஊற்றி ஓர் இரவு விட்டு, ஊதியவற்றை விதைத்துவிட்டு, ஊதாதவற்றின் ஓரத்தை நகவெட்டியால் கிள்ளவேண்டும்.

வேலையை உதறியவர் காட்டு வேலையில் இறங்குவது இந்த ஊருக்குப் புதுக் கதை அல்ல. ஐபிஎம்மில் வேலை பார்த்துவிட்டு, அதை உதறிப் பண்ணை வாழ்க்கைக்குப் போன ஜான் சீட் என்பவர், 1979இல் ஆஸ்திரேலியாவின் டெரேனியா க்ரீக் மழைக்காட்டை வெட்ட வந்தவர்களைத் தடுக்கும் கூட்டத்தில் ஒருவராகப் போய் நின்றார். போன இடமே ஆயுளுக்கும் வேலையாகி, மழைக்காட்டுத் தகவல் மையம் ஒன்றைத் தொடங்கினார். ரமணாசிரமத்தை ஒட்டி வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண் அபீதா அருணகிரி, மலை மொட்டையாகக் கிடப்பதைச் சொல்லி 1987இல் எழுதிய கடிதம் அவருக்குத்தான் போனது. ஆஸ்திரேலிய அரசின் உதவிநிதி வந்தது, அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் உருவானது. அண்ணாமலையார் கோயில் மதில்களுக்கு நடுவே தரிசாகக் கிடந்த இடம் நாற்றங்காலாக மாறியது. பிறகு 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை போன்றவர்கள் வனத்துறையோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். மருதம் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் மழைக்காலத்தில் கன்று தூக்குகிறார்கள்.

மரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். பாறை உருளும் மலை அது. அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேறவும் விடவில்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. பொறியாளர் தன் வேலையைக் கண்டுகொண்ட கதையை எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அதற்காகத்தான் பேருந்து ஏறினேன். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த அக்கா, காலையில் வந்து சாயங்காலம் கூலி வாங்கிப் போகிறவர். உங்களுக்கு இந்த வேலை எப்படிப் பிடித்துப்போனது என்று அவரிடமும் கேட்டேன். "புடிக்கறதாவது. கரும்பு வெட்டப் போறதுக்கு இது நிழல்ல இருக்குது" என்றார். சொல்லிக்கொண்டே உலக்கைப்பாலைக் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கவரைத் துளைத்துத் தரையில் இறங்கியிருந்த வேரைக் கிள்ளினார். வெளிறிய இலை ஒன்றைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றும் பெண்ணைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பிடிக்காமல் செய்கிறவருடைய கை அப்படி இருக்காது என்பது என் கட்சி. தன் வேலையைத் தேடிக் கண்டடைந்தேன் என்று சொல்லிக்கொள்ள வசதி வேண்டும், அவ்வளவுதான்.

2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது என்று இலக்கு வைத்த பிறகு கன்றுக்குக் கிராக்கி அதிகம். பல இடங்களில் எத்தனை கன்று என்று மட்டுமே கேட்கிறார்கள். எந்த மரம், விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கிற சிலர் பயிற்சிக்கு இந்த இளைஞரை அழைக்கிறார்கள். தனியாகப் போவதில்லை என்றார். அக்காவையும் கூட்டிப்போகிறார். அழைப்பவர்கள் அக்காவுக்கு உதவியாளர் கூலி போட்டால் ஒத்துக்கொள்வதில்லை. தனக்குத் தருகிற அதே தொகையைத் தரச்சொல்லிச் சண்டை போட்டு வாங்குகிறார். போன தடவை ஒரு கல்லூரியில் தர மறுத்தார்களாம். இருவரும் விதைப் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார்கள்.