பெயர் வேண்டாம், பிறந்த தேதி போதும்

கிராஜுவிட்டிக் கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், கடைசி மாதத்து அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கினால் தொகை வந்துவிடும். ஆனால் நாளைக்குக் கொடுக்க வேண்டியதை நிறுவனம் இன்றைய கணக்கிலேயே காட்டியாக வேண்டும். ஓர் ஊழியர் ஓய்வு வரை இருப்பாரா, நடுவில் விலகுவாரா, சம்பளம் எவ்வளவு ஏறும் என்றெல்லாம் கணித்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஆக்சுவரி. அதற்காக ஊழியர் பட்டியல் மொத்தமும் அவர் மேஜைக்கு வரும்.

எண்பதுகளில் பம்பாயில் ஓர் ஆக்சுவரியிடம் உதவியாளனாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் இருந்த என் அத்தை காபியைக் கையில் கொடுத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்: "ஏண்டா, அந்தக் கம்பெனி லிஸ்ட் உங்க ஆபீசுக்குத்தான் வருதாமே? நம்ம பொண்ணுக்குப் பார்த்திருக்கிற பையன் அங்கதான் வேலை பார்க்கறான். அவா சொல்ற சம்பளம் நிஜமான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்."

பெண்ணைப் பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? முடியாது என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன் என்ற நினைப்பில், தொழில் தர்மத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். அத்தை வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஆக்சுவரி சாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மெச்சவில்லை. "லிஸ்ட் நம்மகிட்ட வர்றது உங்க அத்தைக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். விசாரித்தால், எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் மின்சார ரயிலில், யார் யார் கணக்கெல்லாம் நம் கையில் இருக்கிறது என்று ஜம்பமாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். வாடிக்கையாளர் யார் என்பதே ரகசியம்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சார் அவரைத் திட்டவில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு கடிதம் போட்டார்: அடுத்த வருஷத்திலிருந்து பட்டியலில் பெயர் வேண்டாம்; ஊழியர் எண், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம் போதும்.

அப்போது இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1944-இல் தொடங்கிய ஆக்சுவரியல் சொசைட்டி ஆஃப் இந்தியா இருந்தது. 2006-இல்தான் ஆக்சுவரிகள் சட்டம் வந்தது. வாடிக்கையாளரின் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல், தொழிலில் கிடைத்த தகவலை வெளியே சொல்வது ஒழுங்கீனம் என்று அதன் அட்டவணை சொல்கிறது.

இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வாய்மூடி இருக்கிறவர்களும் உண்டு. அது எனக்குச் சம்மதமில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் நியமன ஆக்சுவரி, பாலிசிதாரர்களைப் பெரிதும் பாதிக்கிற சட்டமீறலைக் கண்டால் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிதான். அத்தைக்குச் சொல்லக் கூடாது. ஆணையத்திடம் மறைக்கக் கூடாது. பின்னதற்குத்தான் அதிக நெஞ்சுரம் வேண்டும். சம்பளம் கொடுக்கிறவரையே பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் அல்லவா!

இப்போது பட்டியல்கள் மின்னஞ்சலில் பறக்கின்றன. பான் எண், செல்பேசி எண், வீட்டு விலாசம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அலுவலகத்தில் இந்தப் பட்டியலை அனுப்பும் பொறுப்பு உங்களுடையது என்றால், அவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கிராஜுவிட்டிக் கணக்குக்கு அவை தேவையே இல்லை.