முதலில் நிறுத்தப் பழகுங்கள்

குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற வீட்டுக்கு வரும் பிளம்பர், செருப்பைக் கழற்றும்போதே கேட்பது, "கேட் வால்வு எங்கம்மா இருக்கு?" என்பதுதான். வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்கள்கூட முழிப்பார்கள். "அவருக்குத்தான் தெரியும், ஆபீஸ்ல இருக்கார்" என்று பதில் வரும். பிளம்பர் மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டிக்குக் கீழே தேடி, துருப்பிடித்த பிடியைத் திருகி மூடுவதற்குள் ஹாலில் கணுக்கால் நனைந்துவிடும். அவர் பார்த்த வேலையில் பாதி, தண்ணீரை நிறுத்தியதுதான். அதற்கும் சேர்த்தே கூலி.

எழுபதைத் தாண்டிவிட்டேன். வீட்டு வேலையையும் கார் வேலையையும் தன் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வருகிற பிள்ளைகளுக்கு நான் ரிப்பேர் சொல்லித் தருவதில்லை. நிறுத்தச் சொல்லித் தருகிறேன். தண்ணீர், கேஸ், கரண்ட், வண்டி நான்கையும். நிறுத்தியாகிவிட்டால் அவசரம் இல்லை. நாமே பார்க்கலாமா, யாரைக் கூப்பிடலாம், என்ன கொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கலாம். ராத்திரி 11 மணிக்குக் கையைப் பிசைந்துகொண்டு போன் செய்பவரிடம் யாரும் பகல் கூலி கேட்கமாட்டார்கள். அதில் அவர்கள் தப்பும் இல்லை.

தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பைப்பும் எங்கே போகிறது என்று பெயின்டால் எழுதி வையுங்கள். வாஷ்பேசினுக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் பக்கத்தில் சின்னதாக ஆங்கிள் காக் இருக்கும். அதைத் தொடாமலே விட்டால் உப்புத் தண்ணீர் ஊரில் இறுகிப்போகும். வேண்டிய நேரத்தில் திருகினால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை மூடித் திறந்தால் போதும். சொட்டுகிற குழாயைச் சரிசெய்வது அதற்கப்புறம் விளையாட்டு. தண்ணீரை மூடி, குழாயைக் கழற்றி, தேய்ந்த வாஷரையோ ஸ்பிண்டிலையோ அப்படியே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். அளவு சொல்லத் தெரிய வேண்டியதில்லை. பொருளே பேசும்.

கேஸ் விஷயத்தில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஃபியூஸ் போடுவது, டயர் மாற்றுவது எல்லாம் 'ஆம்பளை வேலை'. ஆனால் வீட்டிலேயே ஆபத்தான பொருளான சிலிண்டரை மாற்றுவது மட்டும் அம்மாவின் அன்றாடம்; அதை யாரும் தொழில்நுட்பம் என்று சொன்னதில்லை. 14.2 கிலோ கேஸ் இருக்கிற உருளையை நகர்த்தி, மூடியைக் கழற்றி, உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரை மாட்டுகிறவருக்கு ஸ்டெப்னி மாற்ற வராது என்று யார் சொன்னது? அதேபோல், வருஷக்கணக்காகக் கார் ஓட்டியும் ரெகுலேட்டரைத் தொட பயப்படுகிற ஆண்களையும் பார்த்திருக்கிறேன். மனைவி ஊருக்குப் போகும் நாளில் சிலிண்டர் தீர்ந்தால் அவர்களுக்கு ஓட்டல்தான்.

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி அடுத்த மூன்று மாதம். டி டிசம்பரோடு முடியும். இலக்கம் வருஷம். அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஆரஞ்சு நிற ரப்பர் குழாய்க்கு 5 வருஷம்தான் ஆயுள். கசிகிறதா என்று சோப்பு நுரையை வைத்துப் பாருங்கள், தீக்குச்சியை அல்ல. வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரின் பாதுகாப்பு மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தங்கும். எந்த சுவிட்சையும் போடக் கூடாது. எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது, அணைக்கும்போதும் பொறி வரும். 1906-க்கு போனையும் வெளியே நின்றே பண்ணுங்கள். இதற்கு மேல் கையை வைக்காதீர்கள். ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

கரண்ட் பெட்டியில் அகலமாக, 'டெஸ்ட்' என்று சின்னப் பொத்தானோடு இருப்பது உயிர் காக்கும் கருவி. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இறங்கிவிடும். மாசத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானை அமுக்குங்கள். இறங்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைநாளில் அது தானாக இறங்கினால் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். எல்லா சின்ன சுவிட்சுகளையும் இறக்கி, பெரியதைத் தூக்கி, பிறகு சின்னதை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அநேகமாக கீசரோ, வெளியே நனைகிற விளக்கோ, மோட்டாரோ. அந்த ஒன்றை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வீட்டின் மற்ற பகுதிகளுக்கு வெளிச்சம் கொடுக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் "கரண்ட் போயிடுச்சு" என்று சொல்வதற்கும் "கீசர் லைன் போட்டா டிரிப் ஆகுது" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும். தெருவுக்கே போயிருந்தால் தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. கம்பத்துப் பக்கம் நமக்கு வேலையில்லை.

இனி கார். காரை நிறுத்தத் தெரியாதவர் உண்டா என்று கேட்பீர்கள். நிறைய. வெப்பமானி முள் ஏறியபிறகும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஓட்டி இன்ஜினைச் சமைத்தவர்கள் எத்தனையோ பேர். முள் ஏறினால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, பேனட்டைத் திறந்துவிட்டு நிழலில் நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில்தான் அடிக்கும்.

டயர் மாற்றுவதை நெடுஞ்சாலையில் இருட்டில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமதளமான வாசலில், பஞ்சரே இல்லாத நல்ல டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தூக்கியபிறகு தளர்த்தப் போனால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டி ஜாக்கிலிருந்து சரியவும் கூடும். ஜாக்கை வைக்கிற இடம் கைப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். தகரம் நெளிகிற இடத்தில் வைக்காதீர்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் கைகூடப் போகக் கூடாது. மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கி, இறக்கியபிறகு கடைசி இறுக்கு. ஒல்லியான ஸ்டெப்னியாக இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும், 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று. நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிப் போகிற ஓரமாக இருந்தால் மாற்றவே வேண்டாம். எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று 1033-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு அந்த எண்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில் அநேகமாக இரண்டு விஷயம் வெளிப்படும். ஸ்டெப்னியில் காற்றே இருக்காது. எல்லோரும் நான்கு சக்கரத்துக்கு அடித்துவிட்டு அதை மறந்துவிடுகிறோம். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இன்னொன்று, நட்டு அசையாது. கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியதைப் பெரிய ஆம்பளையாலும் வண்டியோடு வந்த ஸ்பானரால் அசைக்க முடியாது. ஸ்பானர் கைப்பிடியில் நுழைகிற மாதிரி இரண்டடி இரும்புப் பைப் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். என் வயசுக்காரர்களுக்கே அசைகிறது. அடுத்த தடவை சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கும்போது, "நட்டைக் கையால முறுக்கிக் குடு தம்பி" என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். முகம் சுளிப்பார்கள், ஆனால் செய்து தருவார்கள்.