எருக்கும் கருவண்டும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எருக்கம்பூவைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். பக்கத்தில் இருந்த சிவில் நண்பன் சிரித்துவிட்டான். "மாப்ள, மெக்கானிக்கல்காரன் நீ லேத்தைப் பத்தி எழுது. எருக்கை எல்லாம் பிள்ளையார் பாத்துக்கிடுவாரு" என்றான். நண்பர்களே, நம் ஒர்க்‌ஷாப்பில் நாம் மாய்ந்து மாய்ந்து ராவுகிற பொருத்தங்களை எல்லாம் தோற்கடிக்கும் ஒரு பொருத்தம், விருதுநகர் - சிவகாசி ரோட்டில் ஆமத்தூர் தாண்டி, யாரும் திரும்பிப் பார்க்காத குப்பை மேட்டில் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எருக்குக்கு நம் ஊரில் மரியாதை கிடையாது. "உன் வீட்டுல எருக்கு முளைக்க" என்பது சாபம். ஆள் இல்லாத இடத்தில்தான் அது முளைக்கும் என்பதால் வந்த சாபம். ஆனால் விநாயகர் சதுர்த்தி அன்று அதே பூவை மாலையாகக் கட்டி விற்பார்கள். தூரத்து ஹவாய்த் தீவுகளில் இதற்குக் கிரீடப்பூ என்று பெயர். அங்கே கடைசி அரசியாக இருந்த லிலியுகலானிக்கு இந்த மாலை மிகவும் பிடிக்குமாம். நம்மிடம் சாபம், அங்கே ராணியின் கழுத்து!

கரிசல், சரளை, கடற்கரை மணல் எதுவும் எருக்குக்கு ஒன்றுதான். சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூர் கடற்கரைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். உப்புக் காற்று முகத்தில் அறைகிற மணல்மேட்டில், தரையோடு அடம்பங்கொடி படர்ந்திருக்க, நடுவில் இடுப்பளவு உயரத்தில் நம்ம எருக்கு. வெயிலில் மற்ற செடிகள் வாடிக் கிடந்தபோதும் அது கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றி ஆட்டோ கிளம்புவது போன்ற சத்தத்தோடு பெரிய கருவண்டு ஒன்று. நாம் வண்டு என்கிறோமே தவிர அது தேனீ வகை. புத்தகங்களில் தச்சன் தேனீ என்று போட்டிருக்கும்.

இனி பொருத்தத்துக்கு வருவோம். மற்ற பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும்; தொட்டால் விரலில் மஞ்சளாக ஒட்டும். எருக்கில் தூளே கிடையாது. நடுவில் கிரீடம் போல நிற்கிறதே, அதன் ஐந்து பக்கத்திலும் மகரந்தம் மெழுகு மாதிரி சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பொட்டலத்துக்கு நடுவில் கருப்பாக ஒரு கிளிப். துணி காயப்போடும் கிளிப்பைக் கடுகை விடச் சின்னதாக்கினால் எப்படி இருக்கும்? அப்படி. ஒரு பூவுக்கு ஐந்து கிளிப், பத்துப் பொட்டலம். ஒவ்வொரு கிளிப்புக்கும் கீழே ஒரு பிளவு. பார்க்க அசல் கீவே!

வண்டு தேனுக்காகக் கிரீடத்தைக் கட்டிப்பிடித்து உட்காரும். அதன் காலோ நாக்கோ அந்தப் பிளவுக்குள் நழுவும். வெளியே எடுக்கும்போது மேலே ஏறி, கிளிப்பில் மாட்டிக்கொள்ளும். ஒரு இழு! கிளிப்போடு இரண்டு பொட்டலமும் கழன்று வண்டோடு போய்விடும். அடுத்த பூவில் உட்காரும்போது, தொங்குகிற பொட்டலம் அங்கே உள்ள பிளவுக்குள் சரியாகப் போய்ச் சிக்கி, ஒடிந்து, அங்கேயே தங்கும். அப்புறம்தான் காய். எறும்பும் வரும், தேனைக் குடித்துவிட்டுப் போகும். கிளிப்பை இழுக்கும் பலம் அதற்கு ஏது? கருவண்டு மாதிரி கனமான ஆள்தான் வேண்டும். சாவி சரியாக இருந்தால் மட்டும் போதாது, திருப்புகிற கைக்கும் பலம் வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. தேனீ தன் குஞ்சுக்குத் தேனும் மகரந்தமும் பிசைந்துதான் உருண்டை வைக்கும். எருக்கோ மகரந்தத்தைப் பொட்டலம் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறது. அப்படியானால் கருவண்டு மாவுக்கு எங்கே போகும்?

பதில் அதே ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. ஆவாரை! ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் சும்மா தராது. அதன் மகரந்தப் பை உப்பு டப்பா மாதிரி, நுனியில் மட்டும் ஓட்டை. கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமல், பறப்பதற்கான தசையை மட்டும் துடிக்க வைக்கும். உடம்பே அதிரும். 'ர்ர்ர்' என்று ஒரு குரல் மாறிய சத்தம் கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் ஓட்டை வழியாகப் பீச்சி அடிக்கும். வைப்ரேஷன் என்றால் மிஷினுக்குக் கெடுதல் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே அதுதான் பிழைப்பு. கத்தரிப் பூவும் இதே ஜாதி ஓட்டைதான். தாத்தாவின் கத்தரித் தோட்டத்தில் காலையில் அந்த 'ர்ர்ர்' கேட்கும்.

ஆக எருக்கிடம் தேன், ஆவாரையிடம் மாவு. வீடு? காய்ந்த மரம். பெண் வண்டு பட்டுப்போன கிளை, மூங்கில், காய்ந்த கத்தாழைத் தண்டு, கொட்டகை விட்டம் எதிலாவது வட்டமாகத் துளை போடும். உள்ளே மரத்தூளால் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை.

இந்த விஷயத்தில்தான் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். எங்கள் கொட்டகை மூங்கிலில் துளை விழுந்ததும் மண்ணெண்ணெய் எடுத்துவிட்டார். "ஏலே, கொட்டுச்சுன்னா நீயா வந்து பாப்ப? கூரை விழுந்தா எவன் தூக்கி நிறுத்துவான்?" ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது, பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும் என்றேன். "ஆமா, அது வந்து உன்கிட்ட சொல்லுச்சா?" என்றார்.

அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வேலை பார்க்கும் இடத்தில் அறைகளைச் சுற்றி ஒரு காய்ந்த புல் இருக்கக் கூடாது. பொறி ஒன்று போதும். அங்கே எருக்கு நிற்கட்டும், பட்ட மரம் கிடக்கட்டும் என்று சொல்கிறவன் மடையன். வேலிக்கு உள்ளே சுத்தம் உயிர் சம்பந்தப்பட்டது. என் கேள்வி வேலிக்கு வெளியே உள்ளதைப் பற்றி. ஓடைக்கரையில், ரோட்டோரத்தில், ஒரு ஜேசிபி வந்து ஆவாரை, எருக்கு, பட்ட கிளை எல்லாவற்றையும் ஒரே வாரில் வாரிக்கொண்டு போகிறது. யாருக்கு என்ன ஆபத்து அதனால்? எங்கள் ஊர் ஓடைக்கரையை லாரிப் பாதைக்காகச் சுரண்டியபின் எருக்கு வேரிலிருந்து திரும்பத் துளிர்த்தது, பூத்தது. அது சாகாது. ஆனால் சின்ன வயதில் நாங்கள் பஞ்சு விதையை ஊதி விளையாடிய காய்கள் இப்போது தேடிப் பார்த்தால்தான் கிடைக்கின்றன. பூ வந்துவிட்டது, வண்டின் வீடு வரவில்லை என்பது என் கணிப்பு.

பட்டாசு என்றதும் ஒரு செய்தி. சுக்கிரநீதி என்ற சமஸ்கிருத நூலில் வெடிமருந்து செய்யும் முறை இருக்கிறது. வெடியுப்பு 5 பங்கு, கந்தகம் 1, கரி 1. அந்தக் கரிக்கு அது சொல்லும் செடிகளில் எருக்கும் கள்ளியும் உண்டு. நூலின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே சண்டை; 19-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, சிவகாசிக்காரர்கள் எருக்கைக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம்.

பூவைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஒரு குண்டூசி போதும். பிளவுக்குள் விட்டு மெல்ல மேலே இழுத்தால் கிளிப் ஊசியிலேயே மாட்டிக்கொண்டு வரும், இரண்டு மஞ்சள் பொட்டலத்தோடு. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

அம்மாவோடு சமாதானம் ஆகிவிட்டது. கொட்டகை மூங்கிலுக்குத் தார் பூசினோம். பதிலுக்கு, காய்ந்த கத்தாழைத் தண்டு மூன்றைத் தாத்தாவின் கத்தரித் தோட்டத்து வேலியில் கட்டி வைத்தேன். போன வாரம் நடுத்தண்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கீழே மண்ணில் மஞ்சளாக மரத்தூள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள இருக்கால?" என்றார், மெதுவான குரலில்.