டிகிரி எண்டா எத்தினையாம் படி?

ஏ.எல். முடிவு வந்த கிழமை திருகோணமலையில யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதா?" அந்தக் கம்பஸ் கோணேசபுரி வளாகமாக இருக்கலாம், வந்தாறுமூலையாக இருக்கலாம், டவுனில மாடியில ரெண்டு அறை எடுத்து நடத்துற தனியார் நிறுவனமாகவும் இருக்கலாம். அங்க படிச்சு எடுக்கிற எல்லாத்துக்கும் பேர் "டிகிரி". டிப்ளோமா, உயர் டிப்ளோமா, பொதுப்பட்டம், சிறப்புப்பட்டம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள போயிடும். கேக்கிற ஆக்களைக் குறை சொல்ல ஏலாது. பாடசாலையில எங்களுக்கே இதை யாரும் சொல்லித் தரேல்ல. கலைப்பீடத்துக்கு வந்து, பொதுவா சிறப்பா எண்டு தெரிவு செய்யச் சொன்ன பிறகுதான் நான் இந்தப் படிகளைத் தேடி வாசிச்சன்.

இலங்கையில் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 2012 இல் வந்து 2015 இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம், சுருக்கமாக எஸ்.எல்.கியூ.எஃப். மொத்தம் 12 மட்டங்கள். ஓ.எல். முதலாவது, ஏ.எல். இரண்டாவது. (உயிரைக் குடுத்துப் படிச்ச ஏ.எல். 12 இல் வெறும் ரெண்டு எண்டு பாத்தபோது கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்தது.) டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, மூன்று வருடப் பட்டம் 5, நான்கு வருடச் சிறப்புப்பட்டம் 6. அதுக்கு மேல பட்டப்பின் சான்றிதழும் பட்டப்பின் டிப்ளோமாவும். 9 உம் 10 உம் முதுமாணி, 11 எம்.ஃபில்., 12 கலாநிதி. தமிழ்நாட்டில முனைவர் எண்டு சொல்றதைத்தான் நாங்கள் கலாநிதி எண்டுறம். இந்தியாவில் எம்.ஃபில். படிப்பை 2022 இல் நிறுத்திவிட்டார்கள். இங்க இன்னும் இருக்கு.

மட்டங்களை விட எனக்குப் பிரயோசனப்பட்டது கிரெடிட் கணக்கு. ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை மட்டுமில்லை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குக் கண் முழிக்கிறது எல்லாம் அதுக்குள்ள வரும். வருடத்துக்கு 30 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்துக்கு 90, அதாவது 4,500 மணித்தியாலம். சிறப்புப்பட்டத்துக்கு 120.

இந்தக் கணக்கு சித்தி வீட்டில உதவினது. தங்கச்சியின் இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழ. சித்தப்பா சீனக்குடாப் பக்கம் மூட்டை ஏத்துற வேலை. ஒரு தனியார் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தில "ஒரே வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம்" எண்டு போட்டிருந்தது. சித்தி காப்பை அடகு வைக்கிறதெண்டு முடிவெடுத்திட்டா.

"ஒரு வருசத்தில 4,500 மணித்தியாலம் எண்டா நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல படிக்கோணும் சித்தி. ஞாயிறும் லீவில்லை."

"அப்ப பொய்யா சொல்லுறாங்கள், பிள்ளை?"

பொய்யெண்டு சொல்ல ஏலாது. போன் எடுத்துத் துருவித் துருவிக் கேட்ட பிறகு விசயம் வெளிய வந்தது. அந்த ஒரு வருடம் கடைசி வருடம். ஏற்கனவே உயர் டிப்ளோமா முடிச்ச ஆக்களுக்கு. தங்கச்சி மாதிரி ஏ.எல்.லோட போறவள் முதல்ல டிப்ளோமா, பிறகு உயர் டிப்ளோமா, அதுக்குப் பிறகுதான் அந்த வருடம். மூண்டுக்கும் வேற வேற கட்டணம். இப்படிப் படிப்படியாகச் சேர்த்துப் பட்டம் எடுக்கிற முறை உலகமெங்கும் இருக்கு, அதில பிழையில்லை. துண்டுப்பிரசுரத்தில மிச்ச ரெண்டு படியையும் போடாமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

ஆகவே காசு கட்ட முதல் கேக்க வேண்டியதைக் கேளுங்கோ. பட்டத்தைத் தரப்போறது யார்? உள்ளூர்ப் பட்டம் எண்டா, 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவில பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனமா? கம்பனியாகப் பதிஞ்சதும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சதும் பட்டம் குடுக்கிற அனுமதி ஆகாது. வெளிநாட்டுப் பட்டம் எண்டா அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குதா? எத்தினையாம் மட்டம், எத்தினை கிரெடிட்? முக்கியமா, கடைசிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? பதிலை எழுத்தில வாங்குங்கோ.

அரசாங்க நிறுவனங்களிலும் படிச் சண்டை ஓயேல்ல. 2015 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொழும்பில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர்கள் தங்கட டிப்ளோமாவை முந்தி மாதிரி வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கச் சொல்லி ஊர்வலம் போனார்கள். பொலிஸ் அடிச்சுக் கலைச்சது. அந்தப் படத்தைப் பாத்தபோது நான் பாடசாலைப் பிள்ளை. ஒரு சமன் குறிக்காகவா அடி வாங்கினாங்கள் எண்டு விளங்கேல்ல. வேலை விண்ணப்பத்தில "பட்டதாரி" எண்ட பெட்டிக்குள்ள புள்ளடி போடலாமா இல்லையா எண்டதை அந்தக் குறிதான் தீர்மானிக்குது.

இனி என்ர கதை. பொதுப்பட்டம் எண்டா மூன்று வருடத்தில வெளிய வரலாம். நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு அது போதும். 2017 இல் கிழக்கில பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரம் இருந்தபோதும், 2020 இல் மாதம் 20,000 ரூபாவுக்குப் பயிலுநர்களாக எடுத்தபோதும் 5 ஆம் மட்டமும் 6 ஆம் மட்டமும் ஒரே வரிசையிலதான் நிண்டது. அப்பா கேக்கிறதும் அதுதான்: "பிறகெதுக்கு இன்னொரு வருசம்?" இன்னொரு வருடம் எண்டா இன்னொரு வருட போர்டிங் காசு. தங்கச்சிக்குத் தம்பி மாதிரி எனக்குப் பின்னாலும் ரெண்டு பேர் படிக்க இருக்கினம்.

விரிவுரையாளராக வர சிறப்புப்பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும் வேணும் எண்டு அப்பாவுக்குச் சொன்னன். அது முழுக் காரணமில்லை. நாலாம் வருடத்தில சொந்தமா ஒரு ஆய்வு செய்யலாம். துறைமுகத்தில வேலை செய்த கிழவர்களின் வாயில இன்னும் உலாவுற போர்த்துக்கேய, டச்சு, ஆங்கிலச் சொற்களை அவர்கள் இருக்கேக்கையே பதிஞ்சு வைக்க எனக்கு ஆசை. மூன்று வருடப் பட்டத்தில அதுக்கு இடமில்லை.

தங்கச்சி இங்கயே உயர் தொழினுட்பவியல் நிறுவகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முழுநேரப் படிப்புக்கு அங்க கட்டணமில்லை. ஏ.எல். இன்னொருக்கா எடுக்கிற யோசனையும் இருக்காம். என்ர படிவம் குடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அப்பா பதில் சொல்லேல்ல, ஆனா போர்டிங் அன்ரி அடுத்த வருடம் வாடகை கூட்டுவாவா எண்டு நேற்றுக் கேட்டவர்.