முகத்தை மூடும் விளையாட்டு



புதிய கருவி ஒவ்வொன்றும் கடைக்கு வரும்போது ஒரு வாக்குறுதியையும் உடன் கொண்டுவருகிறது. இதனை வாங்கிவிட்டால் வீட்டின் வாழ்க்கையே மாறிவிடும் என்பதே அவ்வாக்குறுதி. பாட்டனார் காலத்து வானொலி, தந்தையார் காலத்துத் தொலைக்காட்சி, நம் காலத்துக் கைப்பேசி யாவும் இவ்வாறே வந்தன. சில கருவிகள் சொன்ன சொல்லைக் காத்தன. பல கருவிகளோ, வந்த அட்டைப்பெட்டியோடு பரண் ஏறின. இப்போது அவ்வரிசையில் நிற்பது, கண்களை முற்றிலும் மூடித் தலையில் அணியும் 'ஹெட்செட்'. அதனை அணிந்தவர் தாம் இருக்கும் அறையை மறந்து, கணினி படைத்த வேறோர் உலகினுள் நிற்பதாக உணர்கிறார். இதனையே மெய்நிகர் உலகம் என்கிறார்கள்.

இப்பொருள்பற்றி எழுத நமக்கு ஒரு சிறு தகுதி உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடியோ விளையாட்டுகளை விடாது ஆடிவருகிறோம். ஐம்பதைக் கடந்தவருக்கு இது தகுமா எனச் சிலர் முறுவலிப்பதுண்டு. சதுரங்கம் ஆடும் முதியவரைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. சீட்டாட்டத்தில் நள்ளிரவைக் கழிப்பவரையும் ஊர் பொறுத்துக்கொள்கிறது. நல்ல விளையாட்டு மனத்தைக் கூராக்கும், தோல்வியைத் தாங்கக் கற்பிக்கும் என்பதை நாம் ஆடியே அறிந்தோம். எனவே விளையாட்டைப் பழிப்பது நம் நோக்கமன்று. விளையாடுபவனின் அளவுகோல் ஒன்று, விற்பவனின் அளவுகோல் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே நம் நோக்கம்.

நாம் முதன்முதல் கையிலேந்திய கருவி, 1980-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த தாய்மாமன் கொணர்ந்தது. உள்ளங்கை அகலமே உள்ள அதன் பெயர் 'கேம் அண்ட் வாட்ச்'. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது. கணக்குப்பொறியில் எண்களைக் காட்டும் அதே மலிவான திரையில் ஒரு குட்டி மனிதன் பந்துகளைப் பிடிப்பான். ஓர் ஆள் ஆடுவதற்கெனச் செய்யப்பட்டதாயினும், நம் வீட்டுத் திண்ணையில் அதனைச் சூழ்ந்து ஆறு தலைகள் குனிந்திருக்கும். ஒருவன் தவறவிட்டால் அறுவரும் கூவுவோம்.

அக்கருவியை உருவாக்கியவர் குன்பெய் யோகோய் என்பவர். மெய்நிகர் உலகைப்பற்றிப் பேசப் புகுவோர் அறியவேண்டிய மனிதர் இவரே. உலர்ந்து முதிர்ந்த தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய கோணத்தில் பயன்படுத்துவதே அவருடைய கொள்கை. அனைவரும் நன்கறிந்த, விலை வீழ்ந்த, பழுதுகள் தீர்ந்த உறுப்புகளைக்கொண்டு எவரும் எண்ணாத இன்பம் ஒன்றைப் படைப்பார். 1989-இல் அவருடைய குழு 'கேம் பாய்' என்னும் கைக்கருவியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணமில்லை. பச்சை கலந்த சாம்பல் நிறமே. மறு ஆண்டு சேகா நிறுவனம் வண்ணத் திரையோடு 'கேம் கியர்' என்னும் போட்டிக் கருவியைக் கொணர்ந்தது. கண்ணுக்கு அது விருந்துதான். ஆயினும் ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய்க்கோ நான்கு பாட்டரிகள் போதும். பத்து மணி நேரத்திற்கு மேலும் உழைக்கும். வென்றது எளியதே. பின்வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து, உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றது.

இத்தகைய மனிதரே 1995-இல் 'வர்ச்சுவல் பாய்' என்னும் கருவியையும் செய்தார் என்பது வியப்புக்குரியது. மேசைமேல் இரு கால்களில் நிற்கும் பெட்டி அது. அதனுள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கறுப்புப் பின்னணியில் செந்நிறக் கோடுகளாலான முப்பரிமாணக் காட்சியைக் காணவேண்டும். செந்நிற விளக்கே அந்நாளில் மலிவு என்பதால் வேறு நிறம் வைக்கவில்லை. கண்ணும் கழுத்தும் நோகும் என்று அஞ்சி, இடையிடையே ஆட்டத்தை நிறுத்தும் ஏற்பாட்டையும் கருவியிலேயே வைத்தார்கள். விற்றது ஏறத்தாழ 7,70,000 மட்டுமே. ஓராண்டு நிறையுமுன் கடைகளிலிருந்து அது மறைந்தது. 1996-இல் யோகோய் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். 1997-இல் சாலை விபத்தில் மறைந்தார்.

இருமுறை உலகை மகிழ்வித்த கை மூன்றாம் முறை ஏன் தவறிற்று? விலை, நிறம், கழுத்துவலி எனப் பலரும் பல காரணம் கூறுவர். நமக்குத் தோன்றும் காரணம் ஒன்று. முதலிரண்டும் கையில் இருந்தன; மூன்றாவது முகத்தை விழுங்கியது. ஆடுபவன் காண்பதை அருகிலிருப்பவன் காண இயலவில்லை. சுற்றிக் கூவிய அந்த ஐந்து தலைகளுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

மெய்நிகர்க் கனவு 1995-இலும் புதிதன்று. 1968-இலேயே அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் காட்சிக் கருவியைச் செய்துவிட்டார். அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பயன்படுத்தவேண்டியிருந்தது. பிற்காலத்தில் கைப்பேசிகளுக்காகச் செய்யப்பட்ட சிறு திரைகளும் அசைவறியும் சில்லுகளும் மலிந்தபோது அக்கனவு மீண்டும் உயிர்த்தது. 2012-இல் ஓக்குலஸ் என்னும் சிறு நிறுவனம் பொதுமக்களிடமே 24 லட்சம் டாலர் திரட்டியது. 2014-இல் பேஸ்புக் நிறுவனம் அதனை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்க முடிவு செய்தது. 2016-இல் ஓக்குலஸ், எச்.டி.சி., சோனி ஆகியவற்றின் கருவிகள் ஒரே ஆண்டில் கடைக்கு வந்தன. 2021-இல் பேஸ்புக் தன் பெயரையே மெட்டா என மாற்றிக்கொண்டது. 2024-இல் ஆப்பிள் நிறுவனம் 3,499 டாலர் விலையில், அதாவது ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய்க்கு, தன் கருவியை வெளியிட்டது. இத்தனை பொருள் கொட்டியும், மெட்டாவின் இத்துறை 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல் இழப்பையே கண்டது.

இக்கருவியை எவ்வாறு மதிப்பிடுவது? நீண்டநாள் ஆடியவர் என்னும் முறையில் மூன்று அளவுகளை வாசகர்முன் வைக்கிறோம்.

முதலாவது அளவு உடல். நம் உட்செவியில் நீர் நிறைந்த மூன்று வளையக் குழாய்கள் உள்ளன. தலை திரும்புவதை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. மெய்நிகர் உலகில் கண்ணோ 'ஓடுகிறேன்' என்கிறது; செவியோ 'நிற்கிறேன்' என்கிறது. இரு சாட்சிகள் முரண்படவே தலைசுற்றலும் குமட்டலும் பிறக்கின்றன. மலைப்பாதைப் பேருந்தில் நூல் படிப்பவர்க்கு நேர்வதும் இத்தகையதே. மேலும், அருகில் வரும் பொருளைக் காண இரு விழிகளும் உள்நோக்கித் திரும்ப, விழியின் வில்லையோ ஒரே தொலைவிலுள்ள திரைக்காட்சியையே நோக்கி நிற்கிறது. அதனால் கண் களைக்கிறது. உறவினர் இல்லத்தில் நாம் ஒரு கருவியை அணிந்து படகில் செல்லும் ஆட்டம் ஒன்றை ஆடினோம். பத்தாம் நிமிடத்தில் வியர்த்துவிட்டது. அன்றிரவு உணவு செல்லவில்லை. அதே கருவியில், நின்ற இடத்திலேயே நின்று, இசைக்கேற்ப எதிர்வரும் கட்டைகளை வாளால் வெட்டும் ஆட்டத்தை அரைமணி நேரம் களிப்போடு ஆடினோம். 2018-இல் வந்த 'பீட் சேபர்' என்னும் அவ்வாட்டத்தில் உலகம் நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை; நம் கையும் காலும் உண்மையாகவே அசைகின்றன. எனவே சாட்சிகள் முரண்படுவதில்லை. உடலை மதித்துச் செய்த ஆட்டம் நிலைக்கிறது என்பதே இதன் பாடம்.

இரண்டாவது அளவு, அருகிலிருப்பவர். நிண்டெண்டோ நிறுவனம் 2006-இல் 'வீ' என்னும் கருவியை வெளியிட்டது. போட்டிக் கருவிகளைவிட அதன் ஆற்றல் குறைவே. மோட்டார் வாகனங்களின் காற்றுப்பைகளில் முன்னமே பயன்பட்டுவந்த அசைவறியும் நுட்பத்தைக் கைப்பிடிக்குள் வைத்தார்கள். பந்து உருட்டுவதுபோல் கையை வீசினால் திரையில் பந்து உருளும். பாட்டி வீசுவதைப் பேரன் காண்பான். பேரன் தவறுவதைப் பாட்டி கண்டு சிரிப்பார். பத்துக் கோடிக்கு மேல் விற்றது. யோகோய் மறைந்த பின்னும் அவருடைய கொள்கை அங்கே வாழ்ந்தது எனலாம்.

ஹெட்செட் அணிந்தவரோ வீட்டின் நடுவிலேயே ஊரைவிட்டுச் சென்றவர்போல் ஆகிவிடுகிறார். கூப்பிட்டால் திடுக்கிடுகிறார். இக்குறையைச் செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. ஆப்பிளின் கருவியில் வெளிப்புறமாக ஒரு திரை வைத்து, அணிந்தவரின் கண்களைப்போன்ற உருவத்தை அதில் காட்டுகிறார்கள். மூடிய முகத்தின்மேல் முகத்தை மீண்டும் வரைய வேண்டியதாயிற்று! ஆயினும் இத்துறையிலும் அறிவுடையோர் உளர். 2015-இல் கனடா நாட்டார் சிலர் செய்த ஆட்டம் ஒன்றில், ஹெட்செட் அணிந்தவர் மட்டுமே வெடிகுண்டைக் காண்பார். அதனைச் செயலிழக்கச் செய்யும் குறிப்புகளோ மற்றவர் கையிலுள்ள தாள்களில் இருக்கும். இவர் கண்டதைச் சொல்ல, அவர்கள் படித்துச் சொல்ல, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டாலன்றி வெல்லமுடியாது. மெய்நிகர்க் கருவிக்கென வந்தவற்றுள் குடும்பத்திற்கேற்ற ஆட்டமாக நாம் மதிப்பது இதுவே. இதன் சிறந்த பகுதி சாதாரணத் தாளில் இருக்கிறது என்பதை மறவாதீர்.

மூன்றாவது அளவு உரிமை. காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது என்பதே பழைய நீதி. இன்றைய கருவியோ வாங்கிய பின்னும் விற்றவரின் சொற்படியே நடக்கிறது. 2020-இல் ஓக்குலஸ் கருவியைப் புதிதாக வாங்குவோர்க்குப் பேஸ்புக் கணக்கு கட்டாயமாக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்து, 2022-இல்தான் அது தளர்ந்தது. 2019-இல் வந்த முதல் 'குவெஸ்ட்' கருவிக்கு இனிப் புதிய வசதிகள் வரா என 2023-இன் தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். கூகுளின் 'ஸ்டேடியா' 2019-இல் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அந்நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது போற்றத்தக்கது. யூபிசாப்ட் நிறுவனம் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய ஆட்டமோ, 2024 மார்ச்சில் நிறுவனத்தின் கணினிகள் நிறுத்தப்பட்டதும் தனியே ஆடுவோர்க்கும் இயங்காமற் போயிற்று. கலிபோர்னியாவில், உரிமம் மட்டுமே தருகின்ற இத்தகைய பொருள்களை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்போர் அவ்வுண்மையைத் தெளிவாக அறிவிக்கவேண்டும் எனச் சட்டமே இயற்றினார்கள். இதற்கு மாறாக, 1990-களில் நாம் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடிய கேசட்டுகள், தூசியை ஊதித் துடைத்தால் இன்றும் ஆடுகின்றன. அவற்றுக்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

இக்கருவியால் நன்மையே இல்லை என்று கூற வரவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், தீக்காயமுற்றோர்க்குப் புண் கழுவும் வேளையில், பனி மூடிய மெய்நிகர் உலகம் ஒன்றைக் காட்டி வலியுணர்வைக் குறைக்கும் முறையைப் பல்லாண்டுகளுக்கு முன்பே உருவாக்கினார்கள். அறுவை மருத்துவம் பயில்வோரும் இதனால் பயன்பெறுகிறார்கள். துன்புறும் ஒருவரைச் சற்று நேரம் வேறிடம் அழைத்துச் செல்வது அருஞ்செயல். நலமாயிருப்பவரை நாள்தோறும் வீட்டைவிட்டு அழைத்துச் செல்வது வேறு செயல்.

அண்மையில் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். முதல் வேலை, சிறிய ஊதியம், தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அவர் தோளில் இருந்தது. "மாதத் தவணையில் ஹெட்செட் தருகிறார்கள், சாமி. நீங்களும் விளையாடுகிறவர்தானே, வாங்கலாமா?" என்று வினவினார். ஆசையைக் குற்றமாக்கி அவரைத் திருப்பியனுப்ப நமக்கு மனமில்லை. "தம்பி, முதலில் இருப்பவரிடம் வாங்கி மூன்று மாலை ஆடிப் பாரும். உடல் ஏற்கிறதா, தங்கையும் உம்மோடு சேர்ந்து ஆட இயல்கிறதா என்று பாரும். ஏற்றால், தவணையின்றி வாங்கும் நாள்வரை பொறும். தவணை முடியுமுன் கருவி பழையதாகிவிடும், கடன் மட்டும் பழையதாகாது" என்றோம். அவர் சிரித்தார், ஆனால் உடன்படவில்லை. சந்தை வீதியில் அறிவுரை கேட்போர் வழக்கமும் அதுவே. அதற்காக நாம் சினக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளைகளின் விளையாட்டை வெறுக்காதீர்கள். அறியாமல் வாங்கியும் கொடுக்காதீர்கள். கடையில் நிற்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனை உடல் தாங்குமா? அருகிலிருப்பவருக்கு இதில் பங்கு உண்டா? விற்றவர் கடையை மூடினாலும் இது நம்மிடம் இயங்குமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால், விலை குறைந்த பழைய கருவியாயினும் அது நல்ல கருவியே. கிடைக்காவிடின், எத்துணைப் புதியதாயினும் பொறுத்திருப்பதில் இழப்பில்லை. முகத்தை மூடாமல் ஆடும் ஆட்டங்கள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. ஆடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதே அவற்றின் பாதி இன்பம்.