லேத்துக்கு அடியில் பாருங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரி பார்க்கக் கூட்டிப்போகும் பேருந்தில் பலமுறை போய்வந்தவன் நான். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு, அரசுப் பள்ளி மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அழைத்துப்போய்க் காட்டுவது முறையான ஏற்பாடாகிவிட்டது. பென்னாகரமோ பாலக்கோடோ அரூரோ, எந்தப் பக்கத்துப் பிள்ளையாக இருந்தாலும் ஒரு பொறியியல் கல்லூரியின் வாசலை ஒருநாளாவது மிதிக்க வழி பிறந்திருக்கிறது. அந்த ஒருநாளை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன், கண்ணுகளா.

அங்கே போனதும் நடப்பது எனக்குத் தெரியும். பேருந்தை விட்டு இறங்கி எல்லோரும் ஒரே கும்பலாக நிற்பீர்கள். பெண் பிள்ளைகள் இன்னும் இரண்டடி பின்னால் நிற்பார்கள். கருத்தரங்கக் கூடத்தில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவார்கள். முடிந்ததும் பேராசிரியர் ஒருவர், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்பார். ஒரு சத்தம் வராது. வகுப்பில் என்னைக் கேள்வியால் துளைத்தெடுத்த பிள்ளைகூட அங்கே தலையைக் குனிந்துகொள்ளும். கேள்வி இல்லாமலா? இருக்கும். இது நம்ம இடம் இல்லை என்ற எண்ணம் தொண்டையை அடைத்துவிடுகிறது.

அந்த எண்ணம் சும்மா வரவில்லை. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது நம் தருமபுரி மாவட்டம். மறு ஆண்டே சேலத்துக்கு அரசு பொறியியல் கல்லூரி கிடைத்தது. நமக்கு 1994 வரை காத்திருப்புதான். அந்த ஆண்டு பர்கூரில் ஒன்று வந்தது. அப்போது பர்கூர் நம் மாவட்டத்தில் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதுவும் அந்தப் பக்கம் போயிற்று. பிறகு 2013-இல்தான் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாக, 68.5 சதவீதத்தோடு கடைசியில் நின்றது தருமபுரி. உங்கள் அப்பா அம்மா அப்படியொரு வாசலைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்திருந்தால், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

வீட்டில் ஒருவருக்கு அந்த வாசல் தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லலிதா என்ற பெண்ணின் வாழ்க்கையைச் சொல்வேன். பதினைந்து வயதில் அவருக்குத் திருமணம். பதினெட்டில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. அப்படிப்பட்டவர் 1940-இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிக்கச் சேர்ந்தார். 1794-இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த இடத்தில் அதுவரை பெண்கள் படித்ததில்லை. 1943-இல் படிப்பை முடித்து நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் பணிகளிலும் பங்கெடுத்தார். அவருடைய அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் போய்ப் பேச அவரால் முடிந்தது. லலிதாவின் மனத்திடத்தை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் உள்ளே யாரிடம் போவது, என்ன படிக்கலாம், படித்தால் என்ன வேலை என்றெல்லாம் சொல்ல அவர் வீட்டிலேயே ஆள் இருந்தார்.

உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால், அந்த அப்பா செய்த வேலையை இந்த ஒருநாள் பயணம்தான் உங்களுக்குச் செய்ய வேண்டும். பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு சுற்றுலா. உங்களுக்கு அப்படி விட்டுவிட முடியாது.

கண்ணால் பார்ப்பது என்ன செய்யும் என்று கேட்டால் அப்துல் கலாமைக் கேளுங்கள் என்பேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் சேர்ந்தபோது, வளாகத்தில் பறப்பதற்கு ஓய்வு கொடுக்கப்பட்ட இரண்டு பழைய விமானங்களை மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்கிறார். முதலாண்டு முடிந்து துறையைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது விமானப் பொறியியலை எடுத்தார். இராமேசுவரத்துப் பிள்ளை. கட்டணத்துக்காக அவருடைய அக்கா ஜோஹரா தன் நகைகளை அடகு வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கஷ்டத்தில் வந்தவருக்கு வழியைக் காட்டியவை பறக்காமல் நின்ற இரண்டு விமானங்கள்.

செட்டிக்கரையில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஐந்து துறைகளோடு தொடங்கினார்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடத்தில் படம் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இரும்பைக் கடையும் லேத் இருக்கும். அது பளபளக்கிறதா என்று பார்க்காதீர்கள். அதன் அடியில் குனிந்து பாருங்கள். இரும்புச் சீவல் சுருள்சுருளாகக் கிடக்கிறதா? எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? இருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். தரை துடைத்துவைத்ததுபோல் இருந்து, இயந்திரத்தின் கைப்பிடியில் தூசி படிந்திருந்தால், அது வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகவே வாங்கிவைத்தது. சந்தைக்கு மாடு வாங்கப் போகிற உங்கள் தாத்தா கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்ப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அந்தப் பார்வை உங்களுக்கும் இருக்கிறது, அதை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு உள்ளே போக வேண்டாம்.

ஒருமுறை நாங்கள் போன கல்லூரியில் எந்த ஆய்வகமும் திறந்திருக்கவில்லை. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பையும் தொப்பியும் கொடுத்தார்கள். மதியச் சாப்பாடும் நன்றாகவே இருந்தது. திரும்பும் வழியெல்லாம் எல்லோரும் அந்தக் கல்லூரியைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தார்கள். எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. நாலு வருட வாழ்க்கையைத் தொப்பிக்கா கொடுப்பது?

சிவில் பக்கம் போனால் கம்பியை இழுத்துச் சோதிக்கும் பெரிய இயந்திரம் இருக்கும், யூ.டி.எம். என்பார்கள். ஒரு கம்பியை மாட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பி முதலில் அசைந்து கொடுக்காததுபோல் இருக்கும். பிறகு நடுவில் கழுத்துபோல் மெலிந்து, படாரென்று அறும். பிளஸ் ஒன்னில் தகைவு-திரிபு வரைபடம் என்று நீங்கள் மனப்பாடம் செய்தது அந்தச் சத்தத்தில் புரிந்துவிடும். நீரியல் ஆய்வகத்தில் வெஞ்சுரிமானி இருக்கும். பெர்னௌலி தேற்றத்தின் கீழே நீங்கள் வரைந்த அதே படம், உள்ளே தண்ணீர் ஓட, உங்கள் எதிரே நிற்கும்.

கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். நம் ஊரே கேள்விதான். பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியின் பல்லில் பழுப்புக் கறையையும் வளைந்த எலும்பையும் பார்த்திருப்பீர்கள். நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளூரைடு செய்த வேலை அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதில்லை என்பது அளவு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். பள்ளத்தில் ஓடும் காவிரியை மேட்டிலிருக்கும் உங்கள் தெருக்குழாய் வரை ஏற்ற எவ்வளவு விசை வேண்டும்? குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும்? நடுவில் கரண்ட் போனால் ஏறிய தண்ணீர் என்ன ஆகும்? இதை நீரியல் ஆய்வகத்தில் நின்று கேளுங்கள். பாலக்கோட்டுப் பிள்ளைகளே, தக்காளி விலை விழுந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலு நாள் கெடாமல் வைக்கக் குறைந்த செலவில் குளிர் அறை செய்ய முடியுமா என்று மெக்கானிக்கல் துறையில் கேளுங்கள். பதில் வருகிறதோ இல்லையோ, உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

பேராசிரியரிடம் கேட்டது போக, இரண்டாம் ஆண்டு படிக்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ தனியாகப் பிடியுங்கள். "போன வாரம் லேபில் என்ன செஞ்சீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். சட்டென்று சொன்னால் அந்த லேப் நடக்கிறது. யோசித்தால் புரிந்துகொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர் யாரென்று கேட்டு, முதல் பருவத்தில் ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நூலகத்தில் அலமாரியை எண்ண வேண்டாம், மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு வற்புறுத்த எனக்குக் காரணம் உண்டு. 2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். அரூரிலிருந்து இரவுப் பேருந்தில் அப்பாவும் மகளுமாகக் கிளம்பி, விடிகாலையில் கிண்டியில் இறங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். அலைச்சல்தான், ஆனாலும் ஒரு பல்கலைக்கழகத்தை இருவரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள். 2018 முதல் எல்லாம் இணையவழி. பணமும் நேரமும் மிச்சம். அந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 200-க்கு உங்கள் கட்-ஆஃப் எவ்வளவு என்று பார்த்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒருநாளும் கண்ணில் படாத கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது உங்களிடம் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. பணத்துக்கு வழி செய்தாகிவிட்டது. சரியான இடத்தைப் பார்த்து எடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் லேப்பைப் பார்த்து ஆசைப்பட்டுத் திரும்புவீர்கள். முடிவு வீட்டில் நடக்கும். "அவ்வளவு தூரம் எதுக்கு? வயசுப் புள்ள" என்ற பேச்சோடு எத்தனையோ நல்ல மதிப்பெண்கள் அடுப்படிக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வேண்டியது லேத் இல்லை. விடுதியில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, வார்டன் யார், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, இதெல்லாம்தான் அவருடைய கேள்விகள். எல்லாமே நியாயமானவை. ஆகவே போகிற அன்றைக்கு விடுதியையும் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அம்மாவிடம் ஆசையைச் சொல்வதற்கு முன்னால் அந்த நோட்டைப் படித்துக் காட்டுங்கள்.

அதைவிட நல்லது அம்மாவே வந்து பார்ப்பது. சென்னை ஐ.ஐ.டி. 2025 ஜனவரியில் தன் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்தால் முடிந்தது நம் மாவட்டத்துக் கல்லூரிகளாலும் முடியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்காகத் திறந்துவைத்தால் போதும். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுப்பதற்கு முன்னால், மே மாதத்தில் அந்த நாளை வைக்கக் கேட்டால் இன்னும் நல்லது.